ராடு தொடும் முன்பே

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டாரத்து நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பட்டறையில் வேலை செய்துகொண்டே இதைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும் வெல்டிங் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்று நான் பேசப்போவது வெல்டிங் பற்றி அல்ல, வெல்டிங்குக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை பற்றி.

திருவலத்தில் பொன்னையாற்றின் மேல் நிற்கிற ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் இரும்பை இரும்போடு சேர்க்க ரிவிட்தான். இரண்டு தகட்டிலும் போட்ட துளைகள் நேருக்கு நேர் வரவில்லை என்றால் ரிவிட் உள்ளே நுழையாது. அளவு தப்பினால் வேலை அங்கேயே நின்றுவிடும். வெல்டிங்கில் அந்தத் தடை இல்லை. நடுவில் கேப், அதாவது இடைவெளி இருந்தாலும் ராடு, அதாவது உருகி இரும்பைச் சேர்க்கிற வெல்டிங் குச்சி, ஓடும். துருவின் மேலும் ஓடும், பெயின்ட் மேலும் புகைந்துகொண்டே ஓடும். மேலே ஒரு கோடு விழுந்துவிடும், அதன் மேல் பெயின்ட் அடித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அன்றைக்கு ரிவிட் செய்த காவலை இன்றைக்கு நம் கைதான் செய்தாக வேண்டும். கை அதைச் செய்யவில்லை என்றால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

நம் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு பேச்சு இருக்கிறது. "அண்ணே, கொஞ்சம் கேப் இருக்குது, ராடு வச்சி ரொப்பிடலாமா?" என்று பையன் கேட்பான். அவசரத்தில் இருக்கிற அண்ணனும் தலையை ஆட்டிவிடுவார். பையன் ஒரு ராடை எடுத்துத் தரையில் தட்டி மேல்பூச்சை உதிர்ப்பான். உள்ளே இருக்கிற கம்பியை அந்தக் கேப்பில் படுக்க வைத்து, அதன் மேல் இன்னொரு ராடை ஓட்டிவிடுவான். வெளியே பார்க்க மொத்தமான, கெட்டியான வெல்டிங். உள்ளே அந்தக் கம்பி பாதிதான் உருகியிருக்கும். கம்பிக்கு அடியில் கசடும் காற்றும் அடைந்து கிடக்கும். பாரம் ஏறி இறங்குகிறபோது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கோடைக்குக் கோடை தண்ணீருக்கு அல்லாடுகிற ஊர்கள் நம்முடையவை, மாடியில் டேங்க் வைக்காத வீடு அரிது. 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அந்த டன்னைத் தூக்கி நிற்கிற ஸ்டாண்டில் நான்கு கால், ஒவ்வொரு காலிலும் சில அங்குல வெல்டிங். அதற்குள் ஒளிந்திருக்கிற கம்பித் துண்டை நினைத்துப் பாருங்கள். கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது. இதை நான் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன், ஏமாற்று வேலை என்றுதான் சொல்வேன்.

கம்பி வைக்காமல், கேப்பை அப்படியே ராடால் நிரப்பினாலும் கணக்கு உதைக்கும். ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி மூலையில் வெல்டிங் வைக்கிறோம். வெளியே அளந்தால் 6 மி.மீ. இருக்கிறது. ஆனால் நடுவில் 3 மி.மீ. கேப் இருந்தால் அந்த ஆறில் மூன்று கேப்புக்கே போய்விடும், மிச்சம் மூன்றுதான் வேலைக்கு உதவும். கேப் ஒன்றரை மி.மீட்டரைத் தாண்டினாலே, எவ்வளவு கேப்போ அவ்வளவை வெல்டிங் அளவோடு கூட்ட வேண்டும் என்பது தொழிலில் உள்ள விதி. அதைவிடச் சுலபமான வழி இரும்பைச் சரியாக வெட்டுவது. பைப்பின் மேல் பைப் உட்கார வேண்டுமா? காகிதத்தில் வளைவை வரைந்து, வெட்டி, பைப்பின் மேல் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் வெட்டி, பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு உட்கார வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருந்தும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாதவர்தான் அரை மணி நேரம் ராடை எரித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது சுத்தம். துருவைத் தேய்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, புது இரும்பின் மேல் இருக்கிற அந்த நீலக்கறுப்புத் தோல். கடையிலிருந்து வந்த ஆங்கிள், ஃபிளாட், தகடு எல்லாவற்றிலும் அது வழவழவென்று இருக்கும். பார்த்தால் சுத்தமான இரும்பு மாதிரியே தெரியும். ஆனால் அது ஆலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது சூட்டில் உண்டாகிற ஆக்சைடு, இரும்பே அல்ல. கிரைண்டரை லேசாகக் காட்டினால் அடியில் வெள்ளி நிறத்தில் தெரிகிறதே, அதுதான் இரும்பு. சாதாரண 6013 ராடு இந்தத் தோலை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். வாயுவைப் பாய்ச்சி வெல்டிங் வைக்கிற மிக் மிஷினும் டிக் மிஷினும் அவ்வளவாகச் சமாளிக்காது. இப்போது சின்னப் பட்டறைகளிலும் மிக் வந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வெல்டிங் விழுகிற இடத்தில் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் ஒரு அங்குல அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். கேஸ் கட்டிங் செய்த விளிம்பு என்றால் அந்தக் கரிந்த ஓரத்தையும் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். எண்ணெய், கிரீஸ் இருந்தால் கிரைண்டர் பிடிப்பதற்கு முன்பே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் அந்த எண்ணெயை இரும்புக்குள் தேய்த்து விடும். துடைப்பதற்குக் குளோரின் கலந்த கரைப்பான்கள் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும்.

ஜிஐ பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மேல் இருப்பது துத்தநாகம். 907 டிகிரி செல்சியஸில் துத்தநாகம் கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகுவதற்கு முன்பே வெள்ளைப் புகை கிளம்பிவிடும். அந்தப் புகையை இழுத்தவருக்கு அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், உடம்பு முறித்துப்போட்ட மாதிரி இருக்கும். பால் குடித்தால் போதும் என்று சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. முதலில் வெல்டிங் வைக்கிற இடத்திலும் அதைச் சுற்றியும் பூச்சைத் தேய்த்து எடுங்கள், காற்றோட்டமான இடத்தில், புகையை வடிகட்டுகிற முகக்கவசத்தோடு வேலை செய்யுங்கள். வேலை முடிந்த பிறகு அந்த இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட் அடித்தால் துருவும் பிடிக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. காலையில் பட்டறைக்கு வந்தால் இரும்பு வேர்த்திருக்கும். கேஸ் தீயைக் காட்டினால் தகட்டின் மேல் இன்னும் ஈரம் படரும். "பாத்தியா, இரும்பு குடிச்ச தண்ணியெல்லாம் வெளிய வருது" என்பார்கள். இரும்பு தண்ணீர் குடிப்பதில்லை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது, அது குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகப் படிகிறது. கண்ணில் படுகிற ஈரம் தீயிலிருந்தே வந்தது. அதனால் ஈரம் தெரிந்ததும் நிறுத்திவிடாமல், அது முழுக்க மறைந்து தகடு கையில் சுடுகிற வரைக்கும் காட்ட வேண்டும். ராடும் அப்படித்தான். கனமான வேலைக்கு 7018 எடுத்தால், அதை ஓவனில் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் காயவைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். ஈர ராடிலிருந்து ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் புகுந்து, வேலை ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்கூட, விரிசல் விடும்.

இனி வீட்டு வாசலில் மாட்டுகிற இரும்பு கேட் வேலைக்கு வருகிறேன். வீடு கட்டுகிற நேயர்களும் இதைக் கவனியுங்கள், உங்களுக்கும் பயன்படும். ஒரு கதவு 1,200 மி.மீ. அகலம், 1,600 மி.மீ. உயரம் என்று வையுங்கள். நான்கு சட்டத்தையும் வெட்டிச் சமதளமான மேஜையில் படுக்கப்போட்டு, மூலைமட்டம் வைத்து ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன டேக், அதாவது தற்காலிகமாகப் பிடித்து நிற்க ஒரு பொட்டு வெல்டிங், மட்டும் போடுங்கள். பிறகு டேப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடியுங்கள். இந்த அளவுக் கதவில் குறுக்களவு சரியாக 2,000 மி.மீ. வர வேண்டும், இரண்டு பக்கமும் வர வேண்டும். ஒன்று 2,004, மற்றது 1,996 என்று வந்தால் நீளமான குறுக்களவு வந்த மூலையில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, மறுபடி டேப். டேக் மட்டும் இருக்கிறபோது இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். முழு வெல்டிங் விழுந்துவிட்டால் கேட்காது.

டேக் போட்டதும் ஒரே மூலையைப் பிடித்து முழுசாக முடிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்குகிற பக்கம் சட்டத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம், கதவைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போனால் இழுப்பு ஒன்றையொன்று சரிக்கட்டும். செங்குத்தாக நிற்கிற தகட்டுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வெல்டிங் என்றால், அது இழுக்கப்போகிற திசைக்கு எதிராக ஒன்றிரண்டு டிகிரி முன்கூட்டியே சாய்த்து டேக் போடுவார்கள் கைதேர்ந்தவர்கள். ஆறியதும் அது நேராக வந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும். டேக் விரிந்திருந்தால் அதன் மேலேயே ஓட்டிவிடாதீர்கள். கிரைண்டரில் முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அளப்பதிலும் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 6 மீட்டர் சட்டம் 30 டிகிரி கூடுதலாகச் சுட்டால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். சித்திரை மாதத்தில் வெயிலில் கிடந்த சட்டத்தை நிழலில் இருந்த சட்டத்தோடு அளந்து சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டு வையுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் நீட்சி இன்னும் அதிகம், அதற்கு டேக்கும் நெருக்கமாக வேண்டும். அதற்கென்று தனியாகக் கம்பி பிரஷ், தனியாக டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பைத் தேய்த்த பிரஷால் ஸ்டெயின்லெஸைத் தேய்த்தால் மாட்டிய இரும்புத் துகள் துருவாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கனத்த தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்தாறு மி.மீ.க்கு மேல் போனால் விளிம்பைச் சரிவாக எடுத்து வி வடிவம் ஆக்க வேண்டும். பொதுவாக இரண்டு பக்கமும் சேர்த்து 60 டிகிரி, அடியில் வேண்டுமென்றே விடுகிற 2 அல்லது 3 மி.மீ. கேப். 12 மி.மீ. தகட்டில் இந்தக் கேப்பை 2 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ. ஆக்கிவிட்டால் நிரப்ப வேண்டிய உலோகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ராடும் கூடும், கரன்ட்டும் கூடும், சூடும் இழுப்பும் கூடும். ராணிப்பேட்டை பெல் மாதிரி பெரிய தொழிற்சாலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிற பட்டறைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கெல்லாம் பொருத்தியதை ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ராடைத் தொடமுடியாது. சின்னப் பட்டறையில் அந்தக் கையெழுத்தை நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரும் கேட்கலாம்: "பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் வந்து பாக்கறேன் அண்ணே" என்று. நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக ஒன்று, இது உயிர் விஷயம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளில் தொட்டி ரிப்பேருக்குக் கூப்பிடுவார்கள். முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிற இடம் அது. மிச்சமிருக்கிற சல்பைடோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, அப்போதுதான் ஆபத்து அதிகம். நாற்றம் போய்விட்டதே என்று இறங்கிவிடாதீர்கள். தொட்டியைக் காலி செய்து, கழுவி, ஊதுவிசிறியால் காற்று விட்டு, மீட்டரால் வாயுவைச் சோதித்த பிறகே இறங்க வேண்டும், வேலை முடியும் வரை விசிறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் வெளியே நிற்பவர் வெறுமனே குதித்து இறங்கக் கூடாது, இடுப்பில் முன்பே கட்டிய கயிற்றால்தான் இழுக்க வேண்டும். காற்றுக்காக ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடவே கூடாது. துணி, தலைமுடி எல்லாம் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

பழைய டீசல் டிரம்மும் அதே மாதிரிதான். காலி என்று பெயர், மடிப்பில் ஒட்டியிருக்கிற கொஞ்சம் எண்ணெய் சூட்டில் ஆவியானால் வெடிக்கப் போதும். கூடுமானவரை டிரம்மில் கை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் நன்றாகக் கழுவி, வெல்டிங் விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்த பிறகு மட்டுமே கிரைண்டரையோ ராடையோ கையில் எடுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.