தனுஷ்கோடியா, ராமேஸ்வரமா?

(கோத்தகிரியில் ஒரு நாவல் வெளியீட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். நாவலை எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேடை என்பதால் 'அவர்'. கீழே இறங்கினால் 'டேய்'தான்.

பதிப்பகம் என்றால், பிடிக்காததைத் திருப்பி அனுப்ப அங்கே ஓர் ஆள் இருப்பார். சொந்தமாகப் போடும் புத்தகத்துக்கு அந்த ஆள் கிடையாது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, அவர் எழுதியதையே அடிக்க வேண்டும்!

முதலில் அடித்தது பனிமூட்டத்தை. முதல் அத்தியாயம் முழுக்க மூட்டம்தான். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு இறங்குகிற பெண்ணுக்கு மூட்டமா கண்ணில் படும்? வழுக்குகிற படிதான் படும். பிறகு மழை. நாவலில் ஜூலை மாதம் கோத்தகிரியில் நாள்கணக்கில் அடைமழை கொட்டுகிறது. அது கூடலூர், பந்தலூர் மழை ஐயா; நமக்குக் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டார்.

சிரிக்காத இடம் ஒன்று உண்டு. இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பும் தாய், 1971-இல் தனுஷ்கோடியில் கப்பலிறங்குகிறாள். அவளைப் போன்றவர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபரில். அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதன்பிறகு தலைமன்னார்க் கப்பல் வந்தது ராமேஸ்வரத்துக்கு. அங்கிருந்து மண்டபம் முகாம். அப்புறம்தான் நம் மலையும், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டமும். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "எங்கம்மா சாகுறவரைக்கும் தனுஷ்கோடின்னுதாண்டா சொன்னாங்க."

அம்மா பொய் சொல்லவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பெரியவர்கள் ஊர்க்கதை பேசும்போதெல்லாம் காதில் விழுந்த பெயராக இருக்கலாம். தான் இறங்கிய கரைக்கும் அதையே வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் விவரம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாரே! பேசினோம், சண்டை போட்டோம், சில நாள் பேசாமலும் இருந்தோம். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் அவர்தான். கதை சொல்லும் மகன் ராமேஸ்வரம் என்கிறான். தாய் தனுஷ்கோடி என்கிறாள். மகன் அவளைத் திருத்துவதில்லை. நாவலிலேயே எனக்குப் பிடித்த அத்தியாயம் அது. அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை.

அச்சு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறின. திரையில் தப்பியதெல்லாம் தாளில் எடுத்து மெய்ப்புப் பார்த்தபோது அகப்பட்டது. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். இன்னொன்று, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். நாளைக்கே தபாலில் சேர்த்துவிடச் சொல்லி மேடையிலேயே அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மொத்தமாக அடித்தால் பிரதிக்கு விலை குறையும், உண்மை. ஆனால் விற்காத கட்டுகள் இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சிடும் முறையில், கொஞ்சமாகத்தான் போட்டிருக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது. நண்பர் என்று சொல்லி ஓசியில் கேட்காதீர்கள். நானே காசு கொடுத்துத்தான் வாங்கினேன். நன்றி, வணக்கம்.