புதுப்பிச்ச சேர்ட்டிபிகேட், ஆனா போன் காலாவதி எண்டுது

வணக்கம். நெல்லியடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, வாசிக்கிறன். "கந்தோர் மெயில் சேர்வரில போஸ்ட்ஃபிக்ஸும் டவ்கொட்டும் ஓடுது. போன கிழமை சேர்ட்டிபிகேட் புதுப்பிச்சாச்சு. வெப்மெயில் பிழையில்லாமல் திறக்குது. வீட்டில இருந்து போனில மெயில் அனுப்பவும் ஏலுது. உள்ள வாறது மட்டும் வரேல்லை, காலாவதி எண்டுது. 'எல்லாச் சேர்ட்டிபிகேட்டையும் ஏற்கவும்' எண்டு ஒண்டு கிடக்கு, அதை அமத்தலாமோ?"

எனக்கு நல்லாப் பிடிச்ச கேள்வி. எது வேலை செய்யுது, எது செய்யேல்லை எண்டு பிரிச்செல்லோ எழுதியிருக்கிறா. வழமையா "அண்ணை, மெயில் வேலை செய்யேல்லை" எண்ட ஒரு வரிதான் எனக்கு வாறது.

தங்கச்சி, உங்கட சேர்வர் வாசலில மூண்டு பேர் நிக்கினம். 443 ஆம் போர்ட்டில (போர்ட் எண்டால் வாசல் நம்பர்) வெப்மெயில், அனுப்புறதுக்கு 587 இல போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்ட 993 இல டவ்கொட். சேர்ட்டிபிகேட் எண்டுறது ஐசி, சேர்வர் தான் ஆர் எண்டு காட்டுற அடையாள அட்டை. ஓம், திருப்பியும் ஐசிக் கதைதான், பழைய ஆக்கள் சிரிக்காதேங்கோ. மூண்டு பேரும் தனித்தனிய ஐசி காட்டோணும். போஸ்ட்ஃபிக்ஸ் தன்ர வேலையாக்களை அடிக்கடி மாத்தும். புதுசா வாறவர் புது ஐசியோட வருவார். டவ்கொட் தொடங்கேக்க வாசிச்சதை மெமரியில வைச்சு அதையே நீட்டிக்கொண்டு நிக்கும். புது ஃபைல் பக்கத்திலயே கிடந்தாலும், ரீலோட் பண்ணும்வரைக்கும், அதாவது திருப்பி வாசி எண்டு சொல்லும்வரைக்கும், திரும்பியும் பாராது.

நானும் இதில மாட்டுப்பட்டனான். ரெண்டு நாள் போனை ரீசெட் பண்ணி, ரவுட்டரை மாத்தி, போனில திகதி பிழையோ எண்டும் பாத்தன். மூண்டாம் நாள் கரண்ட் போச்சுது, யூபிஎஸ் பற்றரியும் செத்துப்போச்சு. கரண்ட் வந்து சேர்வர் எழும்ப மெயில் எல்லாம் வந்து கொட்டுது. என்ன செய்தனீர் எண்டு கேட்டவைக்கு, "ஒரு செற்றிங் மாத்தினன்" எண்டு சொல்லிப்போட்டன்.

ரீலோட் பண்ணிப்போட்டு சேர்ட்டிபிகேட்டைப் பாக்க உதவுற ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ட கருவியில எஸ்-கிளையன்ட் கட்டளையால 993 ஐத் தட்டிப் பாருங்கோ. திகதியோட பேரையும் பாருங்கோ. ஊரில 'கிளி அண்ணை' எண்டால் எல்லாருக்கும் தெரியும். ரெஜிஸ்டர் தபால் எடுக்கப் போனால் ஐசியில உள்ள பேர்தான் செல்லும். அதுமாதிரி, போனில போடுற சேர்வர் பேரும் சேர்ட்டிபிகேட்டில உள்ள பேரும் ஒண்டா இருக்கோணும். சிலர் கந்தோருக்குள்ள வேலை செய்யுது எண்டு போனிலயும் 192.168 எண்டு தொடங்கிற நம்பரைப் போட்டு வைச்சிருக்கினம். சேர்ட்டிபிகேட்டில அந்த நம்பர் இராது. வெளியில வந்தால் அந்த நம்பருக்குப் போகவும் ஏலாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேற: புதுப்பிக்கிறது ஆர்? கையாலயோ? காசில்லாமல் சேர்ட்டிபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் வழமையாக் குடுக்கிறது 90 நாள். 2029 மார்ச் 15 இலயிருந்து ஆர் குடுத்தாலும் 47 நாளுக்கு மேல இல்லை எண்டு முடிவாகிட்டுது. கலண்டரில வட்டம் போட்டுச் செய்யிற வேலையில்லை இது. தானாப் புதுப்பிக்கிற சேர்ட்பொட் புரோகிராம் எண்டால் ரினியூவல்-ஹூக்ஸ் ஃபோல்டருக்குள்ள டிப்ளோய் எண்டு ஒரு ஃபோல்டர் கிடக்கும். டவ்கொட்டை ரீலோட் பண்ணுற ஒரு வரி ஸ்கிரிப்டை அதுக்குள்ள போட்டுவிடுங்கோ. புது ஐசி வந்தவுடன தானா நடக்கும்.

அமத்தலாமோ எண்டு கேட்டனீங்கள். அமத்தாதேங்கோ. பஸ் ஸ்டாண்ட் வைஃபையில ஆரோ ஒருத்தன் நடுவில நிண்டு கள்ள ஐசி நீட்டினாலும் போன் உங்கட பாஸ்வேர்டைக் குடுத்துப்போடும். ரீலோட் பண்ணியும் சரிவரேல்லை எண்டால், 'நோட் ஆஃப்டர்' எண்ட வரியில கிடக்கிற காலாவதித் திகதியைக் கீழ எழுதிவிடுங்கோ, பாப்பம்.