எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கும் பேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். "புகைப்பட ஆர்வலருக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது பிலிம் கேமராவா, டிஜிட்டல் கேமராவா?" என்பது இன்றைய தலைப்பு. என் நரையைக் கண்டவர்கள் நான் பிலிம் அணியில்தான் பேசுவேன் என்று எண்ணியிருக்கலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேமராவோடு வாழ்கிறேன். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் பிலிமில் படம் எடுத்தவன். குளியலறைச் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டில் கிடந்த வெறும் வெள்ளைத் தாளில் முதலில் இரண்டு கண்களும் பிறகு ஒரு முகமும் எழுந்து வந்ததை மூச்சடக்கிப் பார்த்தவன். அந்த இன்பத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அதை முழுதாகச் சுவைத்த பிறகும், மனநிறைவு என்று வரும்போது டிஜிட்டல் பக்கமே நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். ஒரு ரோலுக்கு 36 படங்கள் என்ற எல்லைதான் யோசித்து எடுக்கும் பழக்கத்தைக் கற்பித்தது என்றார். நெகட்டிவ் காலத்தை வென்று நிற்கும், டிஜிட்டல் கோப்போ சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துவிடும் என்றார்.

முதல் வாதத்துக்கு என் வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்கிறேன். என் தங்கையின் மகன் முதன்முதலாக எழுந்து நடந்த நாளில் கேமராவும் கையுமாக அவன் பின்னாலேயே தரையில் தவழ்ந்து படம் எடுத்தேன். எண்காட்டி 36ஐத் தொட்டது. ரோல் முடிந்தால் இறுகி நிற்க வேண்டிய, பிலிமை நகர்த்தும் லீவர் தடையின்றி நகர்ந்தது. 37, 38 என்று போனபோதும் நகர்ந்தது. அப்போதுதான் என் வயிற்றைப் பிசைந்தது. லீவரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் பிலிமைத் திரும்பச் சுற்ற இடப்பக்கத்தில் இருக்கும் ரீவைண்ட் குமிழ் சுழன்றிருக்க வேண்டும். அது அசையவே இல்லை. பின்மூடியைத் திறந்து பார்த்தால், பிலிமின் நுனி சுருளின் பிளவில் பிடிக்காமல் நழுவி, போட்ட இடத்திலேயே கிடந்தது. அத்தனை கிளிக்குகளுக்கும் ஒரு படம்கூட இல்லை. அந்தப் பிள்ளை மறுநாளும் நடந்தான், ஆனால் முதல்நாள் நடையை மறுபடி நடக்கவில்லை. டிஜிட்டல் கேமராவாக இருந்திருந்தால் முதல் படத்திலேயே பிழை தெரிந்திருக்கும்.

யோசித்து எடுக்கும் பழக்கம் வர வேண்டுமானால், யோசித்தது சரியா என்று தெரிய வேண்டும் அல்லவா? அன்று நான் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருந்தேன். ஏழாவது படம், லென்ஸ் துளை எஃப் எட்டு, ஷட்டர் 1/125 வினாடி, வெளிச்சம் பின்னாலிருந்து என்று ஒவ்வொன்றாக எழுதுவேன். ரோல் முடிய ஒரு மாதம், கழுவி வர ஒரு வாரம். பிரிண்ட் கையில் வரும்போது, குறிப்பேட்டில் ஏழாவது என்று எழுதியது நெகட்டிவில் எட்டாவதா ஆறாவதா என்ற குழப்பம் மிஞ்சும். அந்த மாலை வெளிச்சம் எப்படி இருந்தது என்பதோ மனத்திலிருந்து மறைந்திருக்கும். இன்று ஒவ்வொரு படமும் தன் துளை அளவையும் ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர் அளவையும் தன்னோடே சுமந்து வருகிறது. பின்னொளியில் முகம் கறுத்துவிட்டதா, அதே வெளிச்சம் இருக்கும்போதே பார்க்கிறேன், ஒளியை ஒரு படி கூட்டுகிறேன், மீண்டும் எடுக்கிறேன். பிலிமில் பத்தாண்டுகள் தடுமாறியும் பிடிபடாத பின்னொளி, டிஜிட்டலுக்கு வந்த முதல் ஆண்டிலேயே எனக்குப் பிடிபட்டது.

டிஜிட்டல் ஏதோ அயலார் கொண்டுவந்து திணித்த பொருள் என்பதுபோலவும் பேசினார்கள். 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய ஸ்டீவன் சாசன், பிலிம் விற்றே வாழ்ந்த கோடாக் நிறுவனத்தின் பொறியாளர். பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் ஆயின. பிலிமின் சொந்த வீட்டிலேயே பிறந்த பிள்ளை இது.

இனி நிலைத்து நிற்பதைப் பற்றி. இந்த வாதத்தின் வலிமையை நான் ஒப்புக்கொள்கிறேன். 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு மடிந்த ஆந்திரே குழுவினரின் பிலிம் 33 ஆண்டுகள் உறைபனியில் கிடந்து, 1930இல் கண்டெடுக்கப்பட்டுக் கழுவப்பட்டபோது, பனிமேல் விழுந்து கிடக்கும் பலூனின் படம் அதில் இருந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் 240 படங்களில் மீண்டவை 93தான். நெகட்டிவ் என்பது உலகில் ஒன்றே ஒன்று. அதற்குப் பூஞ்சை பிடித்தால் பிடித்ததுதான். டிஜிட்டல் கோப்பை ஆயிரம் முறை படியெடுத்தாலும் ஆயிரமாவது படியும் மூலம்தான். இரண்டு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வைக்கும் சிறு ஒழுக்கம் போதும். நமது சோம்பலுக்குக் கேமராவைக் குற்றம் சொல்லலாகாது.

இன்னொருவரையும் நினைக்கிறேன். குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்துகொண்டே தெருக்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த விவியன் மேயர் 2009இல் மறைந்தபோது, அவர் எடுத்த ரோல்களில் நூற்றுக்கணக்கானவை கழுவப்படாமலே இருந்தன. இன்று உலகம் வியந்து பார்க்கும் படங்களில் எத்தனையோ, எடுத்தவர் கண்ணாலேயே காணாதவை. இதை மனநிறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடுவர் அவர்களே, பழமையின் மீது எனக்கும் தீராத காதல் உண்டு. அந்தப் பழமையைக் காப்பாற்றியதே டிஜிட்டல்தான் என்பதுதான் என் முதன்மையான வாதம். என்னிடம் ஒரு 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, கேனான் 1971இல் கொண்டுவந்த எஃப்டி வகையைச் சேர்ந்தது. 1987இல் அந்நிறுவனம் லென்ஸ் பொருத்தும் அமைப்பையே மாற்றியது. எஃப்டி லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு 42 மி.மீ.; புதிய அமைப்பிலோ 44. அந்த இரண்டு மில்லிமீட்டர் பிசகினால், இடையில் இன்னொரு லென்ஸ் வைக்காமல் தொலைதூரக் காட்சி தெளிவாக விழாது. என் லென்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் கிடந்தது. பிறகு, லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் ஆடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்கள் வந்தன. அவற்றில் அந்தத் தொலைவு இருபது மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தது. மிச்ச இடத்தை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பினால் போதும், பழைய லென்ஸ் அப்படியே பொருந்துகிறது. அந்த வளையத்தின் மேல் லென்ஸை வைத்துத் திருப்பிய நாளில், லென்ஸின் பூட்டு இறுகும் பழைய ஓசை கேட்டபோது என் கண் கலங்கியது.

அந்தக் கண்ணே இப்போது மங்கி வருகிறது. பிலிம் கேமராவின் வியூஃபைண்டர் நடுவில் இருந்த பிளவு வட்டத்தில் இரண்டாக விலகித் தெரியும் பிம்பத்தை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்ய என்னால் இன்று முடியாது. மிரர்லெஸ் கேமராவோ, ஒரு பொத்தானை அழுத்தினால் இமைமயிரைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. நடுங்கும் கைக்கு, படத்தைப் பதியும் அதன் சென்சாரே ஈடுகொடுத்து அசைகிறது. பிலிம் மட்டுமே இருந்திருந்தால் என் பொழுதுபோக்கு முடிந்துபோயிருக்கும்.

சென்ற வாரம் என் ஆறு வயதுப் பேத்தியை அந்த லென்ஸால் படம் எடுத்தேன். "காட்டு தாத்தா" என்று ஓடிவந்தாள், பார்த்தாள், கேமராவை வாங்கிக்கொண்டாள். பிலிம் நாட்களில் அவள் தாயின் கையில் நான் ஒருமுறைகூடக் கேமராவைக் கொடுத்ததில்லை. ஒரு படமும் வீணாகக் கூடாது என்று எண்ணி எண்ணி எடுத்த காலம் அது. பேத்தி எழுபது படங்கள் எடுத்தாள். பாதி வெறும் கூரை. சிலவற்றில் என் முழங்கால். ஒன்றில், சன்னல் வெளிச்சத்தில் என் கை மட்டும், அந்தப் பழைய லென்ஸுக்கே உரிய மென்மையோடு, ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்படி விழுந்திருந்தது. அதைப் பிரிண்ட் போட்டு, நான் இருட்டறையில் போட்ட படங்களுக்கு நடுவே சுவரில் மாட்டியிருக்கிறேன். நடுவர் அவர்கள் தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். வணக்கம்.