லகூன் கறுத்த வருஷமும் நம்ம பொறுப்பும்

வணக்கம். ரேடியோ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கற பெரியவங்களுக்கும், அக்கா அண்ணன்மாருக்கும், என் வயசுப் பசங்களுக்கும் வணக்கம். நான் நம்ம மொரீஷியஸ் தீவுல மொக்கா பக்கம் படிக்கற மாணவி, தமிழை ஒரு பாடமா எடுத்திருக்கேன். சுற்றுச்சூழல் பொறுப்பு, சமூகப் பிரச்சினை ரெண்டையும் சேத்து ஒரு மாணவியா எனக்கு என்ன தோணுதோ அதைப் பேசுன்னு கூப்பிட்டாங்க. மேடைத் தமிழ் வேணாம், வீட்ல பாட்டிகிட்ட பேசற மாதிரியே பேசறேன்.

இந்தத் தலைப்புல ஸ்கூல்ல நாங்க எத்தனையோ கட்டுரை எழுதியாச்சு, எல்லாமே ஒரே மாதிரி முடியும், குப்பையைக் கண்ட இடத்துல போடாதீங்க, மரம் நடுங்க, பைப்பை மூடுங்கன்னு. அதெல்லாம் செய்யணும்தான், அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா ரொம்ப நாளா மனசுல ஒண்ணு உறுத்துது. பொறுப்புன்னு பேச்சை ஆரம்பிச்சா அது எப்பவும் ஸ்கூல் புள்ளைங்க தலையிலயும் ஏழைபாழைங்க தலையிலயும்தான் வந்து உக்காருது, நஷ்டம் வரும்போதும் அதே ஜனங்கதான் முதல்ல அடிபடறாங்க, முடிவு எடுக்கற நேரத்துல மட்டும் அவங்களை யாரும் கூப்பிடறது இல்ல. இன்னைக்கு நான் பேச நினைக்கறது இதைப் பத்தித்தான்.

2020ஐ நாம யாரும் மறக்க மாட்டோம். மார்ச்ல கோவிட் லாக்டவுன், டூரிஸ்ட் வரத்து நின்னு போச்சு, ஹோட்டல் வேலைக்குப் போனவங்க எல்லாம் வீட்ல, அப்படி இருக்கறப்ப ஜூலை 25 ராத்திரி வகாஷியோங்கற கப்பல் நம்ம தென்கிழக்குக் கரையில பொவான்த் தெஸ்னிங்கற ஊர் பக்கத்துல பவளப் பாறையில வந்து ஏறிடுச்சு. கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம், ஜப்பான் கம்பெனியோட கப்பல், பனாமா கொடி, சிங்கப்பூர் வழியா பிரேசிலுக்குப் போய்க்கிட்டு இருந்தது. உள்ள சரக்கு ஒண்ணும் இல்ல, ஆனா அதோட சொந்த ஓட்டத்துக்குன்னு இருந்த எண்ணெயே ஏறத்தாழ 4000 டன். 12 நாள் அது அங்கயே நின்னுச்சு, நாம எல்லாரும் கரையில நின்னு பாத்தோம், ஆகஸ்ட் 6ம் தேதி எண்ணெய் கசிய ஆரம்பிச்சுது. சுமார் 1000 டன் லகூனுக்குள்ள, அதாவது பவளப் பாறைக்கும் கரைக்கும் நடுவுல இருக்கற ஆழமில்லாத கடலுக்குள்ள போச்சு. அது விழுந்த இடம் எப்பேர்ப்பட்ட இடம்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் புளூ பே மெரீன் பார்க், அது ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல இருக்கற இடம், இன்னொரு பக்கம் ஈல் ஓ எக்ரெத் தீவு, உலகத்துல வேற எங்கயும் இல்லாத செடியையும் பறவையையும் வருஷக் கணக்கா பாடுபட்டு மீட்டு வச்சிருந்த தீவு.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெருமையும் வருத்தமும் சேந்து வர்ற விஷயம். எண்ணெயைத் தடுக்க மிதவை வேலி வேணும், ஆனா அவ்வளவு பெரிய கசிவுக்குப் போதுமான அளவு நம்மகிட்ட இல்ல. பக்கத்துல இருக்கற மாஹேபூர் ஊர்க் கரையில ஜனங்க தாங்களே செய்ய ஆரம்பிச்சாங்க. துணியைக் குழாய் மாதிரி தெச்சு அதுக்குள்ள காஞ்ச கரும்புத் தோகையைத் திணிச்சு, மிதக்கறதுக்காகக் காலி பிளாஸ்டிக் பாட்டிலையும் வச்சுக் கட்டி, நீளநீளமா கடல்ல இறக்கினாங்க. முடி எண்ணெயை உறிஞ்சும்னு கேள்விப்பட்டதும் சலூன்காரங்க முடி சேத்துக் குடுத்தாங்க, முருகனுக்கு முடி இறக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு தலைமுடியைக் குடுத்த பொம்பளைங்களும் இருந்தாங்க. நான் அப்ப ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தேன், அம்மாகூட போய்த் தோகை திணிச்சேன், கையெல்லாம் கீறல். எனக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் தாத்தா, இந்தப் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளி க்ரியோல் அக்கா ஒருத்தர், எதிர்ல நம்ம கோயில் ஆளுங்க, யாரும் யாரையும் நீ யாருன்னு கேக்கல. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு வயசான அம்மா, எங்க தாத்தா காலத்துல இந்தத் தோகைதான் கையைக் கிழிச்சுதுன்னு சொன்னாங்க. கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலியா கூட்டிட்டு வந்த ஜனத்தோட பேத்தி பேரன்கதானே நம்மள்ல பாதிப் பேரு, அன்னைக்கு அந்தத் தோகையே லகூனைக் காப்பாத்த கைக்கு வந்துச்சு.

வருத்தம் எங்கன்னா, அந்த வேலையைச் செஞ்சவங்களுக்கு அந்தக் கப்பலோட எந்த சம்பந்தமும் கிடையாது. அந்தக் கப்பலால அவங்களுக்கு ஒரு ரூபா வருமானம் இல்ல, அது எந்த வழியில வருதுன்னு யாரும் அவங்ககிட்ட சொன்னதும் இல்ல. எண்ணெய்ப் புகையை வெறும் மாஸ்க்கோட சுவாசிச்சுக்கிட்டு, தொடை வரைக்கும் கறுப்புத் தண்ணியில நின்னு சுத்தம் பண்ணது அவங்கதான். கேப்டனுக்கும் முதல் ஆபீசருக்கும் 2021 டிசம்பர்ல இங்க கோர்ட்ல 20 மாச தண்டனை குடுத்தாங்க, சரி, ஆனா ரெண்டு பேரு ஜெயிலுக்குப் போனதோட ஒரு லகூனோட கணக்கு தீந்துடுமா? இவ்வளவு பெரிய கப்பலுங்க நம்ம கரைக்கு எவ்வளவு கிட்டத்துல போகலாம், போனா யாரு கவனிக்கணும், மாட்டிக்கிட்டா முதல் நாளே என்ன செய்யணும், இதெல்லாம்தான் என் கண்ணுல உண்மையான சுற்றுச்சூழல் பொறுப்பு, இது எந்தப் பத்தாம் வகுப்பு கட்டுரையிலயும் வர மாட்டேங்குது. அந்த ஆகஸ்ட் 29ம் தேதி தலைநகர் போர்ட் லூயியில ஆயிரக்கணக்கான ஜனங்க கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வந்தாங்களே, அதுவும் பொறுப்புதான்னு நான் நினைக்கறேன். அதைக் கலாட்டான்னு சொன்னவங்களும் உண்டு, எனக்கு அப்படித் தோணல.

எங்க மாமா ஒருத்தர் அந்தப் பக்கம் மீன் பிடிக்கறவரு. சின்னப் படகு, கூண்டு வச்சுப் பிடிப்பாரு, வாரக் கடைசியில ஆக்டோபஸும் தேடுவாரு. அரசாங்கத்துல பதிஞ்ச மீனவர்னு காட்டற கார்டு கிடையாது, அவங்க அப்பாவுக்கு இருந்துச்சு, இவரு போடல. எண்ணெய் வந்ததும் அந்தப் பகுதியில மீன்பிடிக்கத் தடை, தடை சரிதான், அந்த மீனை யாரு சாப்பிடறது. ஆனா உதவித்தொகைன்னு வந்தப்ப முதல் கேள்வி கார்டு எங்கன்னு. கார்டு இல்லாதவங்க, மீனை வாங்கி வீடு வீடா வித்த பொம்பளைங்க, படகுக்கு பெயிண்ட் அடிச்சுப் பொழைச்சவங்க, டூரிஸ்டைக் கண்ணாடிப் படகுல கூட்டிட்டுப் போன பசங்க, இவங்கெல்லாம் அலைஞ்ச அலைச்சல் எனக்கு நல்லாத் தெரியும், அத்தை நகையை வச்சுத்தான் அந்த வருஷ தீபாவளி நடந்துச்சு. சுற்றுச்சூழலை ஒரு பக்கம், சமூகப் பிரச்சினையை இன்னொரு பக்கம்னு பிரிச்சுப் படிக்கறோமே, மாமா வீட்ல அது ரெண்டும் ஒரே விஷயமாத்தான் இருந்துச்சு.

வெள்ளமும் இதே கதைதான். 2013 மார்ச் 30, போர்ட் லூயியில ரெண்டு மணி நேரத்துக்குள்ள 150 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டி 11 பேரு செத்துப் போனாங்க, சுரங்கப் பாதையிலயும் தண்ணிக்குள்ள மாட்டினவங்க உண்டு. 2024 ஜனவரியில பெலால் புயல் வந்தப்ப அதே ஊர்ல காருங்க அடிச்சுக்கிட்டுப் போனதை எல்லாரும் போன்ல பாத்தோம். மழை மேல இருந்து வருது, அதை நாம நிறுத்த முடியாது, உலகத்துப் புகையில நம்ம நாட்டுப் பங்கு நூத்துல ஒரு பங்கைக்கூட நூறா பிரிச்சா வர்ற அளவுதான்னு சொல்றாங்க, அதுவும் உண்மை. ஆனா மலைச் சரிவுல காங்கிரீட் போட்டது நாம, ஈரநிலத்தை மண்ணு கொட்டி மூடி பங்களா கட்ட விட்டது நாம, கால்வாய்க்குள்ள குப்பை கொட்டினதும் நாம. இந்த மூணுல கடைசியைப் பத்தி மட்டும்தான் போஸ்டர் ஒட்டறாங்க. மேட்டுல வீடு வாங்க வசதி இருக்கறவங்க மேட்டுல இருக்காங்க, பள்ளத்துல தகரக் கூரை வீட்ல இருக்கறவங்க மெத்தையைத் தூக்கி மேஜை மேல வச்சுட்டு ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு இருக்காங்க.

இப்ப நம்ம வீட்டுப் பக்கம் வர்றேன், ஏன்னா அடுத்தவங்களை மட்டும் கேட்டுட்டுப் போனா அது நேர்மை இல்ல. நம்ம தீவுக் குப்பை எல்லாம் கடைசியில எங்க போகுது? மார் ஷிகோஸ். 1997ல இருந்து நாடு முழுசுக்கும் இருக்கற ஒரே குப்பைக் கிடங்கு அதுதான், இடம் போதாம இப்ப மேல மேல உசத்திக்கிட்டு போறாங்க. அங்க ஒரு கிராமம் இருந்துச்சுங்க. நாத்தமும் ஈயும் தாங்க முடியாம அந்த ஜனங்களை வேற இடத்துல குடி வைக்க வேண்டியதாச்சு. அவங்க சொந்தக் குப்பைக்காக அவங்க ஊரை விடல, கத்ர் போர்ன்லயும் ரோஸ் ஹில்லயும் பெரிய ஹோட்டல்கள்லயும் தூக்கிப் போட்டதுக்காக விட்டாங்க.

தைப்பூசக் காவடியை எடுத்துக்குவோம். அது நம்ம பண்டிகை மட்டும் இல்ல, அரசாங்க விடுமுறை, நாடே பாக்குது. பத்து நாள் விரதம் இருந்து, மூங்கிலும் தென்னங்குருத்தும் பூவும் வச்சு காவடி கட்டி, வெறுங்கால்ல தார் ரோட்டுல நடக்கறோம். அதைவிட மண்ணோட ஒட்டின வழிபாடு வேற என்ன இருக்கு சொல்லுங்க. ஆனா ஊர்வலம் போற வழியில ரெண்டு பக்கமும் மோரும் ஜூஸும் பிளாஸ்டிக் கப்புல குடுக்கறோம், குடிச்சுட்டு அங்கயே போட்டுட்டு நடக்கறோம், மறுநாள் காலையில முனிசிபாலிட்டி ஆளுங்க வந்து பொறுக்கறாங்க. குடுக்கறவங்க மனசு தங்கம், புண்ணியம்னுதான் குடுக்கறாங்க, நான் அவங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் புண்ணியத்தோட மிச்சம் மார் ஷிகோஸ் பக்கத்துல இருக்கறவங்க மூச்சுல போகுது.

நம்மகிட்ட வழி ஏற்கனவே இருக்கு. ஏழு கறி சாப்பாட்டை இன்னைக்கும் வாழை இலையிலதான் போடறோம், வேற சமூகத்து ஆளுங்களும் அதுக்காகவே தேடி வர்றாங்க. ஏழு கறி, சோறு, ரசம், பாயசம், இவ்வளவையும் ஒரு இலை தாங்குது, சாப்பிட்டு மடிச்சா மாட்டுக்கோ உரக்குழிக்கோ போயிடும். அந்த இலைக்குப் பக்கத்துல ஏன் பிளாஸ்டிக் டம்ளரும் பிளாஸ்டிக் ஸ்பூனும் வரணும்? 2016 ஜனவரியில இருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021ல ஒருதடவை தூக்கிப் போடற தட்டு கப்புக்கும் சட்டம் வந்துச்சு, அது இருந்தும் எங்கெங்கயோ இருந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. கோயிலுக்கு நூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வச்சா, கழுவறதுக்கு எங்களை மாதிரி பசங்க ஒரு இருபது பேரு முறை போட்டு நின்னா, பெரிய கோயில்ல கொஞ்சம் கூட வேணும், அவ்வளவுதான் விஷயம். எங்க ஊர்க் கோயில்ல இதைப் பேசினப்ப முதல்ல மாமிங்க கழுவற வேலை எங்க தலையில விழும்னு தயங்கினாங்க, அந்தப் பயம் நியாயமானது, சமையல்கட்டுல நிக்கறவங்க மேலயே இன்னொரு சுமையை ஏத்திட்டு சுற்றுச்சூழலைக் காப்பாத்திட்டோம்னு சொன்னா அது வெக்கக்கேடு. பசங்கதான், அதுலயும் ஆம்பளப் பசங்கதான், கழுவணும்னு முடிவாச்சு.

முடியுமா முடியாதான்னு சந்தேகப்படறவங்களுக்கு நம்ம நாட்டுலயே ஒரு பதில் பறந்துக்கிட்டு இருக்கு. மொரீஷியஸ் கெஸ்ட்ரல்னு சின்னப் பருந்து, 1974ல உலகம் முழுக்க காட்டுல தெரிஞ்சது மொத்தம் 4. இங்க அழிஞ்சு போன டோடோ பறவை போன வழியிலயே போயிடும்னு பல பேரு கைவிட்டுட்டாங்க. முட்டையை எடுத்து அடைகாக்க வச்சு, குஞ்சு வளத்து, கூடு வச்சுக் குடுத்து, மறுபடி காட்டுல விட்டு, வருஷக் கணக்கா உழைச்சுத்தான் அது நூத்துக்கணக்குல ஆச்சு. பிங்க் பிஜன்ங்கற நம்ம புறாவும் அப்படித்தான் மீண்டு வந்துச்சு. கவனிங்க, இது ஒரு நாள் மரம் நட்டு போட்டோ எடுக்கற வேலை இல்ல, அதுக்கு சம்பளம் குடுத்து ஆளை வச்சாங்க, இடத்தை ஒதுக்கினாங்க, பொறுமையா விட்டாங்க. அதனாலதான் என் கூடப் படிக்கறவங்கள்ல பல பேரு பட்டம் வாங்கினதும் கனடா, பிரான்ஸ்னு போறப்ப எனக்குச் சங்கடமா இருக்கு, அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, இங்க இந்த மாதிரி வேலை எத்தனை இருக்கு? லகூனைக் கணக்கெடுக்கற வேலை, ஈரநிலத்தைப் பாத்துக்கற வேலை, குப்பையைப் பிரிச்சு உரமாக்கற வேலை, இதுக்கெல்லாம் படிச்ச பசங்களுக்கு சம்பளம் வந்தா அவங்க ஏன் போறாங்க.

கடைசியா பெரியவங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். வகாஷியோ வந்தப்ப ஒரு கஷ்டம் புரிஞ்சுது. எவ்வளவு நஷ்டம்னு சொல்லணும்னா முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியணும். எந்தப் பாறைப் பக்கம் எந்த மீன் எந்த மாசம் வரும், எங்க கடல் புல்லு அடர்த்தியா இருந்துச்சு, மாங்குரோவ்ங்கற அலையாத்திக் காடு எது வரைக்கும் இருந்துச்சு, எங்க அத்தனையும் எழுத்துல இருக்கு? பாதி எங்க மாமா மாதிரி ஆளுங்க தலைக்குள்ளதான் இருக்கு, அவருக்குக் கார்டு இல்ல, அதனால எந்தக் கமிட்டியும் அவரைக் கூப்பிட்டுக் கேக்கல. எங்க வகுப்புல நாங்க கொஞ்சம் பேரு சேந்து இப்ப அதைக் கேட்டு எழுத ஆரம்பிச்சிருக்கோம், க்ரியோல் மொழியில சொன்னாலும் சரி தமிழ்ல சொன்னாலும் சரி, போன்ல பதிவு பண்ணி, தேதியும் இடமும் போட்டு வைக்கறோம். கடல்கரை ஊர்ல இருக்கற தாத்தா பாட்டி யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க பேரன் பேத்தியைப் பக்கத்துல உக்கார வச்சு நீங்க சின்ன வயசுல பாத்த லகூனைச் சொல்லுங்க, எந்த மீன், எந்தக் காத்து, எந்த இடத்துல கால் வச்சா ஆக்டோபஸ், ஒண்ணையும் சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. புள்ளைங்களா, நீங்க போனை எடுத்துப் பதிவு பண்ணுங்க, பாட்டி சொல்ற ஊர்ப் பேரு புரியலன்னா அங்கயே நிறுத்தி மறுபடி கேளுங்க, இன்னைக்கு மேப்புல அந்தப் பேருங்க பாதி கிடையாது. இவ்வளவு நேரம் கேட்டதுக்கு நன்றி, வணக்கம்.