தி ரெசிடன்ஸ்: 157 பேர் மேல் சந்தேகம், யார் மேலும் ஆர்வம் இல்லை

வணக்கம் மக்களே! கொலை செய்தது யார் என்று இந்த வீடியோவில் சொல்ல மாட்டேன், பயப்படாமல் பாருங்கள். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ரெசிடன்ஸ்' பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. எட்டு எபிசோட், காமெடி கலந்த துப்பறியும் தொடர்.

கதை என்னவோ ஆளை இழுக்கிற கதைதான். வெள்ளை மாளிகையில் ஆஸ்திரேலியப் பிரதமருக்கு விருந்து. பாடகி கைலி மினோக் வந்திருக்கிறார், நிஜ கைலி மினோக்கேதான். மேலே மூன்றாவது மாடி கேம் ரூமில் தலைமை அஷர் ஏ.பி. வின்டர் செத்துக் கிடக்கிறார். தலைமை அஷர் என்றால் சமையல்காரர், பட்லர், துப்புரவு ஆட்கள் என்று மொத்த மாளிகையையும் கட்டி மேய்க்கிறவர். துப்பறிய வருகிறவர் கார்டீலியா கப். உள்ளே பிணம் காத்துக் கிடக்க, இவர் பைனாகுலரை எடுத்துப் பறவை பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விசாரிக்கிற விதமும் அருமை. எதிரே உட்காருவார், கேள்வி கேட்க மாட்டார், சும்மா பார்ப்பார். அந்த ஆள் கொஞ்ச நேரம் நெளிவார், தொண்டையைக் கனைப்பார், அப்புறம் தானாகவே உளறிக் கொட்டுவார். உசோ அடூபாவுக்கு இந்த வேடத்துக்காக எம்மி என்கிற டி.வி. விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது நியாயம்தான்.

சரி, அப்புறம் எங்கே சொதப்பல்? கார்டீலியாவுக்கு முதல் எபிசோடிலேயே எல்லாம் பிடிபட்டுவிடுகிறது, எட்டாவதிலும் அதே கதைதான். எஃப்.பி.ஐ. ஆள் எட்வின் பார்க் அவரைச் சந்தேகப்படுவார், மூக்குடைபடுவார். மறுபடி சந்தேகப்படுவார், மறுபடி மூக்குடைபடுவார். ராண்டல் பார்க் மாதிரி ஒரு நடிகரை வைத்துக்கொண்டு இதை மட்டுமா செய்யச் சொல்வது?

'கொலம்போ' என்கிற பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். 1971-ல் தொடராக வந்தது. கொலை செய்தது யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். துப்பறிகிறவராகக் கசங்கிய மழைக்கோட்டோடு பீட்டர் ஃபாக் உள்ளே வருவார். இந்த ஆள் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறார் என்று கொலை செய்த பெரிய மனிதர் இளக்காரமாகப் பார்ப்பார். அந்த இளக்காரம் மெல்ல மெல்ல வியர்வையாக மாறும் பாருங்கள், அதுதான் காமெடி. துப்பறிவதும் சிரிப்பும் ஒரே காட்சியில் ஒட்டிக்கொண்டு வரும். ரெசிடன்ஸில் துப்பறிவது ஒரு பக்கம், ஜோக் இன்னொரு பக்கம். ஹியூ ஜாக்மன் விருந்துக்கு வந்திருக்கிறார் என்பார்கள், ஆனால் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். முதல் தடவை சிரித்தேன். அதையே திரும்பத் திரும்பப் போட்டால் எப்படி?

அடுத்தது கூட்டம். மாளிகையில் 132 அறை, சந்தேக வளையத்தில் 157 பேர். போஸ்டரில் போட நல்ல எண்கள்தான். ஆனால் ஒருவர் வாயைத் திறந்தால், அந்த வாக்கியத்தை வேறு அறையில் இருப்பவர் முடிக்கிறார். உடனே சில மாதம் தள்ளி நடக்கிற நாடாளுமன்றக் குழு விசாரணைக்குக் காட்சி தாவுகிறது. அங்கே ஒரு சாட்சி, இப்போதுதான் பார்த்ததை மறுபடி ஒப்பிக்கிறார். விசாரணை நடத்துகிற செனட்டராக ஆல் ஃபிராங்கன். 2018 வரை நிஜமாகவே மின்னசோட்டா செனட்டராக இருந்தவர், அதற்கு முன்னால் 'சாட்டர்டே நைட் லைவ்' காமெடி நிகழ்ச்சி ஆள். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? அவருக்குக் கொடுத்த வேலை, கதைச் சுருக்கம் கேட்பது. கார்டீலியாவின் அந்த மௌனம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து இந்த விசாரணை குறுக்கே வந்து விழும்போது எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. வின்டராக முதலில் நடித்தவர் ஆண்ட்ரே பிரவர், 'புரூக்ளின் நைன்-நைன்' காமெடித் தொடரின் கேப்டன் ஹோல்ட். படப்பிடிப்பு பாதியில் நிற்கும்போது, 2023 டிசம்பரில் இறந்துவிட்டார். பிறகு ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ வந்தார். அவரும் குறை வைக்கவில்லை. ஆனால் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சிரிக்க வைப்பதில் பிரவர் கில்லாடி. அவர் நடித்திருந்தால் வின்டர் வருகிற பின்கதைக் காட்சிகளாவது கலகலப்பாக இருந்திருக்கும்.

கடைசி எபிசோட் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். கார்டீலியா எல்லோரையும் அறை அறையாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய் முடிச்சை அவிழ்க்கிறார். முடிச்சு கச்சிதம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குள் யார் செய்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்கிற நிலைக்கு நான் வந்துவிட்டேன். துப்பறியும் கதைக்கு இதைவிடப் பெரிய தோல்வி வேண்டுமா?

2025 ஜூலையில் இரண்டாவது சீசன் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். இதே கார்டீலியா, இதே பைனாகுலர், ஆனால் ஒரு சின்ன வீடு, ஆறு பேர், ஒரு பிணம் என்று கொடுத்திருந்தால் நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருப்பேன். நீங்கள் யாரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று கமெண்ட்டில் போடுங்கள், சரியான பெயரை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.