ரத்தம் வேண்டாம், பேய் மட்டும் போதும்

வணக்கம். பேய்ப்படம் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிறது என்று சொல்கிறவர்களோடு பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். நானும் அப்படிப்பட்டவன்தான். கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு ஒரு படத்துக்குப் போனேன். இடைவேளைக்கு முன்பே வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது, உள்ளங்கை வியர்த்தது. ‘இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீ’ என்று கேட்டார்கள். பல வருடம் நானும் அதை நம்பினேன். அது பயமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பயந்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். காயத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு நடப்பது வேறு. முதலில் கொஞ்சம் ஏறுகிற அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது, இதயத் துடிப்பும் குறைகிறது. மயக்கம் வருவது அதனால்தான். தொல்காப்பியத்தை எடுத்துப் பாருங்கள். மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், அதில் எட்டு. அவற்றில் அச்சம் ஒன்று, அருவருப்பும் இழிவும் சேர்ந்த இளிவரல் வேறொன்று. அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு (பேய், தெய்வம் போன்று வருத்தும் சக்தி), விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்ற நான்கு. மூப்பும் பிணியும் இளிவரலின் பக்கம் போய்விடுகின்றன. அச்சத்தின் பட்டியலில் முதலில் நிற்பது அணங்குதான். காயமோ ரத்தமோ அதில் இல்லை. அதனால் ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பயத்தின் சுகத்தையும் சேர்த்து விட்டுவிடத் தேவையில்லை. அதற்கென்றே நல்ல படங்கள் இருக்கின்றன.

முதல் படமாக நான் சொல்வது 1944இல் வந்த ‘தி அன்இன்வைட்டட்’. அண்ணனும் தங்கையும் கடலோரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்குகிறார்கள். விடியும் முன் எங்கோ ஒரு பெண் விம்மி அழும் சத்தம் கேட்கிறது. ஓர் அறை மட்டும் காரணமில்லாமல் சில்லென்று இருக்கிறது. திடீரென்று மிமோசா பூவின் வாசம் வருகிறது. ஒரு வாசனையை வைத்துப் பயமுறுத்த முடியும் என்று அதைப் பார்க்கும்வரை நான் நினைத்ததில்லை. நடுநடுவே சிரிப்பும் காதலும் உண்டு, மூச்சு விட இடம் கிடைக்கும்.

அது பிடித்துவிட்டால் அடுத்தது ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த ‘தி ஹாண்டிங்’. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். கறுப்பு வெள்ளைப் படம். கடைசிவரை பேயைக் காட்டவே மாட்டார்கள். இரவு, ஓர் அறைக்குள் இரண்டு பெண்கள். வெளியே தாழ்வாரத்தில் ஏதோ தடதடவென்று இடித்துக்கொண்டு நெருங்கி வருகிறது. இந்தக் கதவுக்கு வெளியே வந்ததும் நின்றுவிடுகிறது. அப்புறம் கதவின் கைப்பிடி மெதுவாக அசைகிறது. அவ்வளவுதான், வேறொன்றும் காட்டவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்பதை அவரவர் மனமே வரைந்துகொள்ளும். நம்மால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் அந்தச் சித்திரம் போகும் என்பது என் அனுபவம். ஒரு எச்சரிக்கை மட்டும்: படத்தின் ஆரம்பத்தில் அந்த வீட்டில் முன்பு நடந்த மரணங்களைச் சொல்கிறார்கள், அதில் ஒரு தூக்கும் உண்டு. மனம் கேட்காவிட்டால் அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், தவறில்லை.

இப்போது சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயம் வந்ததும் எல்லோரும் கண்ணைத்தான் பொத்திக்கொள்கிறோம். பொத்த வேண்டியது காதை. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. அந்த அமைதியில் ‘உஷ்’ என்று சீறிக்கொண்டு ஏதோ பாய்ந்து வருகிறது. பார்த்தால் ஒரு பேருந்து! தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்றே சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். நம்மைத் தூக்கிப்போடுவது அந்தச் சத்தம்தான். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது நம் கையில் இல்லை, அதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தமில்லை. ஒலியைப் பாதியாகக் குறைத்து, சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ரத்தம் எதிர்பாராமல் வந்துவிட்டால்? கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடியுங்கள். முகம் சூடாவது தெரியும்வரை, பத்துப் பதினைந்து விநாடி அப்படியே இருந்துவிட்டுத் தளர்த்துங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடியும். இறங்குகிற ரத்த அழுத்தத்தை இது மேலே ஏற்றிவிடும். ரத்தம் பார்த்தால் மயங்குகிறவர்களுக்கு உளவியல் நிபுணர்கள் கற்றுக்கொடுக்கும் முறை இது. எனக்கு நன்றாகவே உதவுகிறது.

‘மென்மையான படம்’ என்று யாராவது சொன்னால், யாருக்கு மென்மை என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ‘கோரலைன்’ குழந்தைகளும் பார்க்கும் பொம்மைப் படம்தான். ஆனால் கண் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான் தைத்திருக்கும், ஊசியும் நூலும் வரும். அது கூசுகிறவர்கள் உண்டு. ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ அருமையான படம், ஆனால் அதில் ஆவிகள் காயங்களோடு வருகின்றன. முதல் படமாக அதைப் பார்க்க வேண்டாம். கதையை முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொண்டு பார்ப்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் அப்படிச் செய்துவிடாதீர்கள். 2001இல் வந்த ‘தி அதர்ஸ்’. நிக்கோல் கிட்மன் நடித்தது. வெளிச்சம் பட்டாலே ஒத்துக்கொள்ளாத இரண்டு குழந்தைகள், அவர்களைக் காக்கும் அம்மா, பெரிய வீடு. இறந்தவர்களின் பழைய புகைப்படங்கள் உள்ள ஓர் ஆல்பத்தை அவள் திறக்கும் காட்சி கொஞ்சம் சங்கடப்படுத்தும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த வீட்டில் திரைச்சீலைகள் எந்நேரமும் மூடியே இருக்கும். நீங்கள் உங்கள் வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, நல்ல பகலில், பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அப்படிப் பார்த்தும் எனக்குச் சிலிர்த்தது.