நகம் ஏன் ஏடு ஏடாக உரிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கை நகம் மெலிந்துபோவது, நுனியில் ஏடு ஏடாக உரிவது, இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உயிர் போகிற விஷயம் இல்லை. ஆனால் புடவை நூலில் மாட்டி இழுக்கும், தலை சீவும்போது முடியில் சிக்கும், பூண்டு உரித்தால் சுரீர் என்று வலிக்கும். தோல் மருத்துவராக நான் பார்த்தவர்களில் நகத்துக்காக மட்டும் வந்தவர்கள் குறைவு. வேறு ஏதோ அரிப்புக்கு வருவார்கள், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வாசல்வரை போவார்கள். அப்புறம் திரும்பி வந்து, "டாக்டரம்மா, இந்த நகம் மட்டும் ஏன் இப்படி?" என்று கையை நீட்டுவார்கள். வெளியே அடுத்தவர் காத்திருப்பார், எனக்கும் அவசரம். அப்போது இரண்டு வரியில் சொன்னதை இன்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கேட்டுக்கொண்டே செய்யலாம். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் தயவுசெய்து வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். கை நகத்தைப் பாருங்கள், அப்புறம் கால் நகத்தைப் பாருங்கள். கை நகம் உரிகிறது, கால் நகம் கெட்டியாக இருக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது. அந்தக் கை செய்கிற வேலையில் இருக்கிறது. உடம்புக்குள் குறை இருந்தால், அது கைக்கு ஒரு நியாயம் காலுக்கு ஒரு நியாயம் என்று பார்க்காது. இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால்தான் உள்ளே தேட வேண்டும். என்னிடம் கை நீட்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கால் நகம் நன்றாகவே இருந்தது.

சரி, கைக்கு அப்படி என்ன வந்துவிட்டது? தண்ணீர். வேறு பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை.

தலைமுடி எதனால் ஆனதோ அந்தக் கெரட்டின் என்கிற புரதத்தால்தான் நகமும் ஆகியிருக்கிறது. உயிரற்ற செல்கள் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்தும் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ப்ளைவுட் பலகையை மழையில் போட்டு, வெயிலில் காய வைத்து, மறுபடி மழையில் போட்டால் ஓரத்தில் ஏடு பிரியும் இல்லையா? நக நுனியிலும் அதுதான் நடக்கிறது. தண்ணீர் பட்டால் நகம் அதை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கும். மறுபடி உப்பும், மறுபடி சுருங்கும். அடுக்குகளை ஒட்டி வைத்திருக்கிற பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். நகத்தில் எண்ணெய்ப் பசையும் மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் பாத்திர சோப்பு எடுத்துவிடுகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கை எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தது என்பதைவிட, எத்தனை முறை நனைந்து காய்ந்தது என்பதுதான் கணக்கு. காலையில் எழுந்ததும் பால் பாத்திரம். ஒரு கை துடைப்பு. அரிசி களைகிறீர்கள். ஒரு கை துடைப்பு. காய் கழுவுகிறீர்கள். சாப்பாட்டு டப்பா, குழந்தையின் முகம், காபி தம்ளர், ஒன்றிரண்டு தட்டு, மாவு கரைத்த கை. பத்து மணிக்குள் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் சானிடைசர் வேறு. நகம் உரிகிற தொல்லை பெண்களுக்கு அதிகம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்தக் காலை வேளையைப் பார்த்தாலே காரணம் தெரியும். வீட்டில் மட்டும் இல்லை. ஓட்டலில் பாத்திரம் துலக்குகிறவர்கள், மீன் வெட்டுகிறவர்கள், செவிலியர்கள், அழகு நிலையத்தில் தலை அலசிவிடுகிறவர்கள், டீக்கடையில் தம்ளர் அலசுகிற தம்பிகள், எல்லாருக்கும் இது உண்டு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் பீன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவர் தன் கட்டைவிரல் நகத்தில், நகம் தோலுக்கு வெளியே வருகிற இடத்தில், அரத்தால் ஒரு கோடு போட்டுவைத்தார். அந்தக் கோடு நகத்தோடு மேலே ஏறி நுனிக்கு வரும்வரை கணக்கெடுத்தார். மறுபடி கோடு, மறுபடி கணக்கு. இப்படி 35 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் ஒரே மனிதரின் நகம்! நடுநடுவே மருத்துவ இதழ்களில் எழுதிக்கொண்டே வந்தார். 35 ஆண்டுக் கணக்கு 1980-ல் அச்சில் வந்தது. அவருக்கு 32 வயது இருக்கும்போது அந்த நகம் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது. 67 வயதில் அதுவே 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து, 2025-ல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசை இதற்காக அவருக்குக் கொடுத்தார்கள். சிரிக்கட்டும். வயதாக ஆக நகம் மெதுவாக வளரும் என்பதை ஒரே உடம்பில் இத்தனை பொறுமையாகக் காட்டியவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதும் இவரைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. "மறுபடி பீனா" என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கும்.

பீன் செய்த காரியத்தை நம் வீட்டில் அரம் இல்லாமலே செய்கிறோம். ஆடி மாதம் மருதாணி வைக்கிறோமே, அதுதான். மருதாணியில் லாசோன் என்று ஒரு சாயப்பொருள் இருக்கிறது, அது கெரட்டினோடு பிணைந்துகொள்ளும். தோலில் பட்ட சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும், தோல் உதிர்ந்து புதிதாகிறது. நகத்தில் பட்ட சிவப்பு போகாது. நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். ஆடியில் வைத்தது ஐப்பசியில், தீபாவளிக்கு, நகத்தின் மேல்பாதியில் நிற்கும். தை பிறக்கும்போது நுனியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இருக்கும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம். கால் நகத்துக்கு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நகத்துக்கு வைத்தியம் பார்ப்பதில் எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான். இன்று நுனியில் உரிகிற நகம் ஆறு மாதத்துக்கு முன்னால் அடியில் பிறந்தது. அது உயிரற்றது. அதற்குள் மருந்து போய்ப் பிரிந்த அடுக்கை ஒட்டவைக்காது. வெட்டிவிட்டு, பின்னால் வருகிற நகத்தைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான். பத்து நாள் எண்ணெய் தடவிவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று வருவார்கள். பத்து நாளில் வளர்ந்தது 1 மில்லிமீட்டர். அந்த 1 மில்லிமீட்டர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது இன்னும் அடியில் அல்லவா இருக்கிறது!

அடுத்து கால்சியம். நகத்தில் வெள்ளைப் புள்ளி, உடனே கால்சியம் மாத்திரை. நகம் உடைகிறது, உடனே கால்சியம் மாத்திரை. எலும்பு கெட்டி, நகமும் கெட்டி, அதனால் இரண்டும் ஒன்று என்று எப்படியோ நினைத்துக்கொண்டோம். நகத்தின் கெட்டித்தன்மை கால்சியத்தால் வருவதில்லை. கெரட்டினில் இருக்கிற கந்தகப் பிணைப்புகளால் வருகிறது. நகத்தில் கால்சியம் மிக மிகக் கொஞ்சம். வெள்ளைப் புள்ளியும் கால்சியக் குறை இல்லை, பெரும்பாலும் எப்போதோ அடியில் சின்னதாக இடிபட்டதன் தடம். உங்களுக்கு அது நினைவுகூட இருக்காது. எலும்புக்காக மருத்துவர் கொடுத்த மாத்திரை என்றால் அதை நிறுத்திவிடாதீர்கள். நகத்துக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் காசுக்குக் கடலை மிட்டாய் வாங்கிச் சாப்பிடலாம்.

இப்போது கால்சியத்தின் இடத்தில் பயோட்டின் என்கிற வைட்டமின் வந்திருக்கிறது. முடிக்கும் பயோட்டின், நகத்துக்கும் பயோட்டின். இதன் தொடக்கம் குதிரையிலும் பன்றியிலும் இருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் குளம்பு நோய்க்குப் பயோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், குளம்பு தேறியது. நம் நகத்துக்கும் கேட்குமா என்று பிறகு பார்த்தார்கள். சின்னச் சின்ன ஆய்வுகளில் சிலருக்குப் பலன் தெரிந்தது. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. சில மாதம் சாப்பிட்டுப் பார்ப்பதைத் தடுக்க மாட்டேன், ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். கடையில் விற்கிற மாத்திரையில் 10 மில்லிகிராம்கூட இருக்கிறது, முந்நூறு மடங்குக்கு மேல்! அந்த அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனைகளின் முடிவு தப்பாக வரும். தைராய்டு சோதனை தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்கிற ட்ரோபோனின் சோதனையும் தப்பாக வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. ஆகவே இரத்தம் கொடுக்கப் போகும்போது, "நான் பயோட்டின் சாப்பிடுகிறேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சத்து மாத்திரைதானே என்று மறைக்காதீர்கள்.

அப்புறம், செய்ய வேண்டியது என்ன? கையுறை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மெஸ்ஸில் சமைக்கிற ஒரு அம்மா என்னைக் கேட்டார், "கையுறை போட்டுக்கிட்டு மீன் செதில் எடுக்கச் சொல்றீங்களா டாக்டரம்மா?" நியாயமான கேள்வி. நம் ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் கையுறைக்குள் கை வியர்த்து ஊறிப்போகும், அதுவும் ஈரம்தான். அதனால் அவரோடு ஒரு சமரசம் பேசினேன். பாத்திரம் துலக்கும்போது மட்டும் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். சமையலுக்கு வேண்டாம். அதுவும் முடியாதவர்கள் பாத்திரத்தைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் துலக்குங்கள். தம்ளர் தம்ளராகப் பத்து முறை வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், எத்தனை முறை நனைந்தது என்பதுதான் கணக்கு.

தொட்டிக்குப் பக்கத்தில், சோப்பு வைக்கிற இடத்திலேயே, ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ வையுங்கள். கை கழுவித் துடைத்ததும், ஈரம் முழுக்கக் காய்வதற்குள், பத்து விரலிலும் ஒரு தடவு. அலமாரிக்குள் வைத்தால் நீங்கள் எடுக்கப்போவதில்லை. இரவில் படுக்கப் போகும் முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, துடைத்ததும் விளக்கெண்ணெய் தடவுங்கள். ஈரம்தான் எதிரி என்றாயே, இப்போது தண்ணீரில் வைக்கச் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். உறிஞ்சிய தண்ணீரை எண்ணெய் உடனே ஓடவிடாது, நகம் மெதுவாகக் காயும். அதுதான் வித்தியாசம். இதில் குணம் தெரியாவிட்டால் யூரியா கலந்த களிம்பு இருக்கிறது, மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

நகத்தைக் குட்டையாக வைத்திருங்கள். குளித்தவுடன், நகம் இளகியிருக்கும்போது வெட்டுங்கள். செவ்வாய், வெள்ளி வெட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக்கூடாது என்று உங்கள் வீட்டில் சொன்னால் அதற்கு நான் குறுக்கே வரமாட்டேன், மீதி நாள் நிறைய இருக்கிறது. அரம் தேய்ப்பதானால் நகம் காய்ந்திருக்கும்போது, ஒரே திசையில் தேய்க்க வேண்டும், முன்னும் பின்னும் கூடாது. ஏடு பிரிந்தால் பிய்க்காதீர்கள், வெட்டுங்கள். விலைச்சீட்டைச் சுரண்ட, சாவிவளையத்தைப் பிரிக்க, டப்பா மூடியை நெம்ப நகம் வேண்டாம், ஸ்பூன் இருக்கிறது. நகத்தின் அடியில் இருக்கிற மெல்லிய தோலை அழகுக்காக வெட்டி எடுக்கிறார்களே, அதை விட்டுவிடச் சொல்லுங்கள். அழுக்கும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்து வைத்திருப்பது அந்தத் தோல்தான். அது போனால் நகச்சுத்தி வரும், பிறகு எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு உட்கார வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்குகிறது. நகப்பூச்சு பற்றிப் பெரிதாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சைவிட அதை அழிக்கிற அசிட்டோன்தான் நகத்தை உலர்த்துகிறது. அடிக்கடி அழிக்காதீர்கள். நகத்தைக் கெட்டியாக்கும் என்று விற்கிற பூச்சுகளில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. முதலில் கெட்டியாகும், நாள்பட்டால் நொறுங்கும்.

கால் நகமும் சேர்ந்து கெட்டிருக்கிறது என்றால் இரத்தச்சோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. பாதிக்கு மேல். நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நகம் ஸ்பூன்போலக் குழிந்து, தண்ணீர் வழியாமல் அந்தக் குழிக்குள் நின்றால், இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று மட்டும். நம் நிறத்தவர்களுக்குப் பல விரல்களில் கருங்கோடு இருப்பது சாதாரணம். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கருங்கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ, எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகள் நகம் கடிப்பதைப் பற்றி எழுதி எடுத்துவந்த தாள் அப்படியே இருக்கிறது, அதற்கு இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.